மேசைக்கடியில் 11 நாள்
பயந்த நாய்களை யாரும் தத்தெடுப்பதில்லை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மைதான். காப்பகத்துக்கு வருகிறவர்கள் வாலாட்டி ஓடிவரும் குட்டியைத்தான் தூக்குகிறார்கள். சென்னை வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்த அப்படியொரு பயந்த பெண் நாய், காதில் கருத்தடை அடையாள வெட்டோடு, 11 நாள் சாப்பாட்டு மேசைக்கடியை விட்டு நகரவில்லை. நான் அவளைக் கூப்பிடவில்லை, தொடவில்லை, நேராகப் பார்க்கவும் இல்லை. தயிர்சாதத்தை வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். 12ஆம் நாள் முழங்கையில் ஈர மூக்கு பட்டது!

அப்புறம், இப்படிப்பட்ட நாயைத் தீபாவளி நெருக்கத்தில் மட்டும் கூட்டிவராதீர்கள். முதல் வெடிக்கே ஓட்டம்தான். வெளியே போகக் கழுத்துப்பட்டை போதாது. பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை வாங்குங்கள். அடுக்குமாடிச் சங்கம் மிரட்டினால், வளர்ப்பு நாய்க்குத் தடை போடக்கூடாது என்ற விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலைக் காட்டுங்கள். நாங்கள் காட்டினோம்.