நீளத்தை மட்டும் பார்த்து ஸ்னோபோர்டு வாங்காதீங்க

ஜப்பானில் இருக்கிற நிசேகோவுக்குப் போகிற தம்பி, பவுடர் பனியில் (புதிதாய் விழுந்த, இறுகாத பனி) ஓட எந்த ஸ்னோபோர்டு, அதாவது பனியில் நின்று சறுக்கும் பலகை, வாங்கலாம் என்று கேட்டிருந்தார். அதுக்கு மேலே ஒரு அண்ணன் "ஆழமான பவுடர் பனிக்கு உங்கட உயரத்துக்கு நீளமான ஸ்னோபோர்டு எடுத்தால் போதும்" என்று எழுதியிருக்கிறார், அது பாதிதான் சரி. அறுகம்பேயில் சின்ன அலை நாளில் கட்டையும் அகலமுமான ஃபிஷ் போர்டு (அலைச்சறுக்குப் பலகையில் ஒரு வகை) எப்படி மிதக்கும் என்று பொத்துவில் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பனியிலும் அதே கணக்குத்தான், மிதக்க வைப்பது பரப்பு, நீளம் அதில் ஒரு பங்கு மட்டும். அகலம் கூடின பவுடர் போர்டை வழக்கமான அளவைவிட ஒரு 5 சென்ரிமீற்றர் கட்டையாகவே எடுக்கலாம், மரங்களுக்கு நடுவே திருப்பவும் லேசு. மூக்கு அகன்று மேலே வளைந்திருக்க வேணும், பைண்டிங் (சப்பாத்தைப் பலகையில் பூட்டும் பிடி) வால் பக்கம் தள்ளியிருக்க வேணும். இல்லாவிட்டால் மூக்கு புதைந்து தலைகுப்புற விழுவீங்க, அல்லது பின்காலிலேயே பாரத்தைப் போட்டுப் போட்டு தொடை பத்தி எரியும். அளவைத் தீர்மானிப்பது உங்கட நிறையும் சப்பாத்து அளவும், உயரமில்லை. சரி, திறந்த சரிவில் வேகமாகப் போகிறவருக்கு நீளம் உதவும், அதை மறுக்கவில்லை. கேள்வி கேட்ட தம்பி, நிசேகோவில் முதல் ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்து ஓடிப் பாருங்க, மறுகா வாங்கலாம்.