முதலில் வாயைக் கழுவுடா!

எங்கள் ட்யூக் பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்து ஊர் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துக்கும் கூடைப்பந்து ஆட்டம், இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதற்குள் என் அறை நண்பன், "இந்தத் தடவை இருபது பாயிண்டில் அடிப்போம்டா" என்று ஆரம்பித்துவிட்டான். வாயில் பிரஷ், மோவாயில் நுரை. முதலில் வாயைக் கழுவுடா!

ட்யூக் ரசிகன் பேசுகிற பேச்சா இது? 2022 மார்ச்சில் எங்கள் பயிற்சியாளர் கோச் கே, அதாவது மைக் ஷஷெஃப்ஸ்கிக்கு, சொந்த அரங்கில் கடைசி ஆட்டம். பழைய வீரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்க, விழா ஏற்பாடு தடபுடல். வந்த நார்த் கரோலினாக்காரர்கள் 94-81 என்று அடித்துவிட்டுப் போனார்கள். சரி, போகட்டும் என்றால் அடுத்த மாதமே நியூ ஆர்லியன்ஸில், தேசியப் போட்டியின் அரையிறுதியான ஃபைனல் ஃபோரில், மறுபடி அவர்களிடமே 81-77 என்று தோல்வி. அதோடு அவர் பயிற்சியாளராக இருந்ததே முடிந்தது. அந்த இரண்டுக்கும் முன்னால் யாரோ ஒருவன் இப்படித்தான் நுரையோடு பேசியிருப்பான்.

எங்கள் கேமரன் அரங்குக்கு வெளியே, இந்த ஆட்டத்துக்கு இடம் பிடிக்க, மாணவர்கள் குளிரில் வாரக்கணக்காகக் கூடாரம் போட்டு, முறை வைத்துக் கிடக்கிறார்கள். அவர்கள் பேசினாலும் அர்த்தம் உண்டு. இவன் ஹீட்டர் பக்கத்தில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு ஸ்கோர் சொல்கிறான்.

தடுக்கி விழுந்தால் அவர்கள் ஊர், சேப்பல் ஹில். தோற்றால் மறுநாள் காபிக் கடை வரிசையில் அவர்கள் நிறமான வெளிர்நீலத்தில் ஒரு சட்டைக்காரன் நிற்பான். ஒன்றும் சொல்லமாட்டான். திரும்பிப் பார்த்துச் சிரிப்பான், அவ்வளவுதான்.

நேற்று சாம்பார் கொதிக்கும்போது, "இருபத்தைந்துகூட வரும்" என்றான். கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.