எங்கள் ஊரில் ஆள் இருக்கிறார்கள்

கடற்பாசித் திட்டங்களைப் பற்றிய புதன்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள் என்பதால் முழுவதையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. "இந்த ஊரில் முன்னின்று நடத்த ஆள் இல்லை, அதனால்தான் எந்தத் திட்டமும் நிலைப்பதில்லை" என்று மேடையில் ஒருவர் சொன்னபோது, முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் கடலில் முங்கிக் கடற்பாசி எடுக்கிற எங்கள் பாசிக் குழுவின் 19 பெண்கள். அங்கேயே எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது.

எங்கள் ஊரில் ஆள் இருக்கிறார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுக்க இறங்குவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்து, மீறியவரைத் தெருவில் நிறுத்திக் கேட்கிறவர்கள் இந்தப் பெண்கள்தான். இதை எந்த அலுவலகமும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஆளுக்கு 300 ரூபாய் போட்டு ஒரு தராசு வாங்கினோம். எங்கள் தராசில் 41 கிலோ நின்ற மூட்டை, வியாபாரியின் தராசில் 37 கிலோதான் நின்றது. அதைக் கேட்டதற்கு மூன்று வாரம் அவர் கொள்முதலை நிறுத்திவிட்டார். மூட்டைகளெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்தன. பனியில் ஈரம் ஏறிவிடக்கூடாது என்று அம்மா தினமும் காலையில் அவிழ்த்துக் கொட்டிக் காயவைத்து, மறுபடி கட்டி வைப்பார். மாலையில் வீடு வீடாகப் போய்ப் பேசுவார். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்த வீடுகள்கூட மறைவில் கொண்டுபோய் விற்கவில்லை. நான்காவது வாரம் வியாபாரியே வந்து எங்கள் தராசில் நிறுத்து எடுத்துக்கொண்டார். இதற்குப் பெயர் தலைமை இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர் தலைமை?

"படிக்காதவர்களால் திட்ட அறிக்கை எழுத முடியுமா?" என்று சிலர் கேட்பீர்கள். அறிக்கை எழுத என்னைப் போன்ற படித்த பிள்ளைகள் ஊருக்குள்ளேயே இருக்கிறோம். காற்றை அறிந்தவர்கள் சொல்வதைக் கேட்காமல் எழுதிய அறிக்கை என்ன செய்தது என்பதையும் பார்த்திருக்கிறோம். பாசி வளர்க்க மூங்கில் மிதவைகளை நவம்பரில் கொண்டுவந்து வடகடலில், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், இறக்கச் சொன்னார்கள் திட்டத்தை நடத்தியவர்கள். வாடை அடிக்கிற காலம், தை கழியட்டும் என்று அம்மா சொன்னார். நிதியாண்டு முடிந்துவிடும் என்று பதில் வந்தது. 45 நாளில் அறுவடை என்றார்கள். பத்தாம் நாள் மூங்கிலும் கயிறும் கரையில் ஒதுங்கிக் கிடந்தன. பிறகு வந்த அறிக்கையில் "பயனாளிகளின் ஈடுபாடு குறைவு" என்று எழுதியிருந்ததை நானே வாசித்தேன். அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அரசு இவ்வளவு செலவு செய்கிறதே, நன்றி வேண்டாமா என்பதும் காதில் விழுகிறது. ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பில் கடற்பாசி வளர்ப்பைப் பெருக்குவதற்கான கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டியபோது எங்களைவிட மகிழ்ந்தவர்கள் யார்? அது நன்றாக நடக்க வேண்டும் என்பதால்தான், முங்கிப் பாசி எடுக்கிற ஒரு பெண்ணாவது முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வேண்டும் என்கிறேன்.

1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோதும் எங்கள் பாட்டிமாரை யாரும் கேட்கவில்லை. கடலைக் காக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பாசி எடுத்துப் பிழைத்த தீவுகளுக்குள் நுழையக் கூடாது என்றான பிறகு, அந்த இடத்துக்குள் திருடரைப் போல ஒளிந்து போய்வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது ஆளே இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

அன்று இரவு அம்மா, "நம்மளையா அப்படிச் சொன்னாக?" என்று ஒருமுறைதான் கேட்டார். பிறகு மறுநாள் பாசி எடுக்கும்போது பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றப் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தைப் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் 19 பேரும் கடலுக்குள் இருப்பார்கள். தேதியை மாற்றக் கேட்டு மனு எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை அம்மாவோடு நேரில் போய்க் கொடுக்கிறேன்.