கிளாஸ் பெயர் டேட்டாவாக மாறக் கூடாது

இன்ஹெரிட்டன்ஸையும் (ஒரு கிளாஸிலிருந்து பிள்ளை கிளாஸ்களை உருவாக்குவது) பாலிமார்ஃபிக் ரிலேஷனையும் (ஒரே டேபிள் பல வகைச் சொந்தக்காரர்களோடு ஒட்டுவது) ஒரே இடத்தில் சேர்ப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். தனித்தனியாக இரண்டுமே நல்லவைதான். சேர்த்தால், கோடில் வைத்த கிளாஸ் பெயர் டேட்டாபேஸில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வினையே அங்கேதான்.

யூசர் என்றொரு கிளாஸ். அதிலிருந்து வெண்டர், கஸ்டமர். எல்லோரும் ஒரே டேபிளில். முகவரிக்குத் தனி டேபிள். அது யாருடையது என்பதை ஒரு டைப் ஃபீல்டும் ஒரு ஐடி ஃபீல்டும் சொல்லும். 42ஆம் எண் வெண்டருக்கு முகவரி சேர்க்கிறீர்கள். டைப்பில் என்ன விழும்?

ரூபி ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸில் 'யூசர்' என்று விழும். அடிப்படை கிளாஸின் பெயரைத்தான் அது எழுதும். ரிப்போர்ட் எடுப்பவர் டைப் 'வெண்டர்' என்று தேடினால் ஒன்றும் வராது. பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல் நேர் எதிர். நீங்களாக மாற்றாதவரை வெண்டர் கிளாஸின் முழுப் பெயரையே எழுதும். அதே 42ஐ யூசராக எடுத்து முகவரி கேட்டால் காலி. இரண்டிலும் எரர் வராது. எரர் வந்தால் அன்றே யாராவது சரிசெய்துவிடுவார்கள். காலியாக வந்தால் 'முகவரி கொடுக்கவில்லை போல' என்று போய்விடுவார்கள். எனக்குப் பயமே இந்தச் சத்தமில்லாத தப்புதான்.

2020இல் லாராவெல் 8 வந்தபோது மாடல்களுக்கென்று தனி ஃபோல்டர் வந்தது. பழைய ப்ராஜெக்ட்டிலும் ஃபைல்களை அங்கே நகர்த்தினால் நேம்ஸ்பேஸ், அதாவது கிளாஸின் முழுப் பெயரில் முன்னால் வரும் பகுதி, மாறும். டேபிளில் ஏற்கெனவே எழுதிய பெயர்கள் அப்படியே கிடக்கும். அதனால் முதல் நாளே மார்ஃப் மேப் (எந்தக் கிளாஸுக்கு எந்தப் பெயர் என்ற பட்டியல்) எழுதி, கிளாஸ் பெயருக்குப் பதிலாக ஒரு சின்னப் பெயரைச் சேமியுங்கள். இன்ஹெரிட்டன்ஸும் இருந்தால் அதுமட்டும் போதாது. பிள்ளை கிளாஸ்களும் யூசரின் பெயரையே தரும்படி கெட்மார்ஃப்கிளாஸ் ஃபங்ஷனை மாற்றி எழுத வேண்டும். ரெயில்ஸ்காரர்கள் 6.1இல் வந்த டெலிகேட்டட் டைப்பைப் பாருங்கள். பொதுவானவை ஒரு டேபிளில், ஒவ்வொரு வகைக்கும் உரியவை தனித்தனி டேபிளில்.

இத்தனைக்கும், முகவரிக்கு பாலிமார்ஃபிக்கே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. டைப் ஃபீல்டை நம்பி இருக்கும் ஐடிக்கு ஃபாரின் கீ (அந்த ஐடி இன்னொரு டேபிளில் நிஜமாக இருக்க வேண்டும் என்று டேட்டாபேஸே பார்க்கும் விதி) போட முடியாது. யாராவது நேரடியாக எஸ்கியூஎல்லில் ஒரு யூசரை அழித்தால் முகவரி அநாதையாகக் கிடக்கும். யூசர், கிடங்கு, ஆர்டர் என்று சொந்தக்காரர்கள் மூன்றே வகை என்றால் மூன்று ஐடி ஃபீல்டு, மூன்று ஃபாரின் கீ. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில், காலியாக இல்லாத ஃபீல்டுகளை எண்ணும் நம்_நான்நல்ஸ் வைத்து, ஒன்றே ஒன்றுதான் நிரம்பியிருக்க வேண்டும் என்று ஒரு செக் போட்டுவிடலாம். நல் (காலி ஃபீல்டு) நிறைய வருமே என்பார்கள். வரட்டும். டேட்டாபேஸே காவல் காக்கிறதே.

ஆடிட் லாக் (யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவு) மாதிரி எந்த டேபிளோடும் ஒட்ட வேண்டியவற்றுக்கு மட்டும் பாலிமார்ஃபிக் வைப்பேன். அதுவும் மேப் எழுதிய பிறகு.