பனாமாவில் தொட்டிகள் இருப்பது கடல்மட்ட வித்தியாசத்தால் அல்ல

"பசிபிக் அட்லாண்டிக்கைவிட 26 மீட்டர் உயரம், அதனால்தான் பனாமா கால்வாயில் லாக் தொட்டிகள், மோட்டார் வைத்து கடல்நீரை ஏற்றுகிறார்கள்" என்று சொல்வது தவறு. (லாக் தொட்டி என்பது நீர்மட்டத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் கப்பலை ஏற்றி இறக்கும், கதவுள்ள நீர்த்தொட்டி.)

இரண்டு கடல்களின் சராசரி மட்டத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 20 செ.மீ.தான். அந்த 26 மீட்டர், நடுவிலுள்ள காட்டூன் ஏரியின் உயரம். 1881இல் பிரெஞ்சுக்காரர்கள் கடல்மட்டத்திலேயே வெட்டத் தொடங்கினார்கள். குலேப்ரா மலையின் மண்சரிவும், சாக்ரஸ் ஆற்றின் வெள்ளமும், மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் அவர்களை முறித்தன. பின்னால் வந்த அமெரிக்கர்கள் அதே ஆற்றை அணை கட்டித் தேக்கி அந்த ஏரியை உண்டாக்கி, கப்பலை ஏரிமட்டத்துக்கு ஏற்றி இறக்கினார்கள். 1914இல் கால்வாய் திறந்தது.

தொட்டியை நிரப்ப பம்ப் எதுவும் கிடையாது. வால்வைத் திறந்தால் சுவருக்குள் ஓடும் 5.5 மீட்டர் விட்டக் குழாய் வழியாக ஏரிநீர் தானாக இறங்கி, தொட்டியின் தரைத் துளைகளில் பொங்கி வரும். ஓரத்தில் இல்லாமல் அடியிலிருந்து வருவதால்தான் கப்பல் அதிகம் ஆடுவதில்லை. பழைய தொட்டிகளில் ஒரு கப்பல் கடக்க சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. 2023 வறட்சியில் ஏரி வற்றியபோது கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைத்தது இதனால்தான். கடல்நீரை ஏற்றுவதாக இருந்தால் மழைக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

பசிபிக்கில் ஓதத்தால் கடல்மட்டம் ஏறி இறங்குவது மிக அதிகம் என்பது மட்டும் உண்மை. பசிபிக் பக்கத்திலுள்ள மிராஃப்ளோரஸ் தொட்டிகளின் பார்வை மாடத்துக்குப் போகிறவர்கள் கடல்பக்கக் கதவுகளைக் கவனியுங்கள்: அந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க, பழைய தொட்டிகளின் கதவுகளிலேயே உயரமானவை அவைதான்.