ஓரமாப் போகச் சொல்றீங்களே, ஓரம் எங்கேங்க?

பள்ளிக்கு நடந்த பிள்ளையை மோட்டார் சைக்கிள் இடித்தாலும், சைக்கிளில் போன தாத்தாவை லோரி உரசினாலும், கோயிலுக்குக் கிளம்பிய பாட்டி சாலையோர லோங்காங் சாக்கடையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாலும் வாட்சாப் குழுவில் முதலில் வரும் வரி ஒன்றுதான்: "ஓரமாப் போயிருக்கலாம்ல?"

போகிறோம் சாமி. ஓரத்தைக் காட்டுங்கள்.

பீடோர், தாப்பா, சுங்கை சிப்புட், லாபிஸ் என்று வரிசையாக ஊர்களுக்கு நடுவே ஓடுவது மலேசியாவின் முதலாம் கூட்டரசு சாலை. மற்ற தோட்டப் பட்டணங்களில் அதே வேலையை ஏதோ ஒரு மாநிலச் சாலை செய்கிறது. ஒரு பக்கம் கடைவரிசை, இன்னொரு பக்கம் செம்பனை. நடுவில் பழக்குலை லோரி. இந்த மாதிரி எந்த ஊரிலாவது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்து பார்த்துவிட்டு, அப்புறம் வந்து அறிவுரை சொல்லுங்கள்.

முதலில் தார் விளிம்பு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே 50 மில்லிமீட்டர் புதுத் தாரைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டு தடவை போட்டால் 4 அங்குலப் படி. பக்கத்தில் இருக்கும் மண்ணை யாரும் உயர்த்துவதில்லை. லோரி ஹார்ன் அடிக்கிறது, சைக்கிள்காரர் பயந்து மண்ணில் இறங்குகிறார். திரும்ப ஏறப் பார்க்கும்போது முன் சக்கரம் அந்தப் படியை உரசிக்கொண்டே ஓடும், ஏறாது. ஹேண்டலை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் சட்டென்று ஏறி, ஆளை நேராகச் சாலைக்குள் தள்ளிவிடும். பின்னால் வரும் லோரியின் டயர் இருக்கும் இடம் அதுதான். போலீஸ் குறிப்பில் "கட்டுப்பாட்டை இழந்து விழுந்தார்" என்று முடிந்துவிடும். இழந்தது அவர் இல்லை, 4 அங்குலத்தை அப்படியே விட்டுப்போனவர்கள்.

இதற்கு மருந்து ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. தார் போட்ட அதே வாரத்தில் கிரஷர் ரன் என்ற உடைகல் கலவையைக் கொட்டி, தார் மட்டத்துக்கு நிரவி, உருளை விட்டு அமுக்க வேண்டும். வெறும் செம்மண்ணைக் கொட்டினால் இரண்டு மழைக்குத் தாங்காது. தார் விரிக்கும் இயந்திரத்தில் ஒரு தகட்டை மாட்டி, விளிம்பைச் செங்குத்தாக வெட்டாமல் 30 பாகைச் சரிவாக அமுக்கிவிடும் முறையும் இருக்கிறது. அந்தச் சரிவில் சைக்கிள் தானாக ஏறிவிடும். டெண்டர் தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டிய விஷயம். அதற்கு ஏன் இவ்வளவு மௌனம்?

சரி, மண்ணில் வேண்டாம், லோங்காங் மூடி மேல் நடக்கலாம் என்கிறீர்களா? பத்து மூடிக்கு இரண்டு உடைந்திருக்கும், ஒன்று காணாமலே போயிருக்கும். இரும்புக் கிராதி என்றால் கேட்கவே வேண்டாம், பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். காணாமல் போன இடத்தில் மரக்கிளையை நட்டுவைத்து அதில் சிவப்புப் பிளாஸ்டிக் பையைக் கட்டுவது நம் ஊரின் தேசியப் பாதுகாப்புத் திட்டம். திருடு போகும் இடத்தில் மறுபடியும் இரும்பைப் போடாதீர்கள், கம்பி வைத்த கான்கிரீட் பலகை போடுங்கள். இரும்புதான் வேண்டுமென்றால் ஒரு பக்கம் கீல் வைத்துப் பற்றவையுங்கள். கிராதிக் கம்பிகள் வண்டி ஓடும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நீளவாக்கில் வைத்தால் 30 மில்லிமீட்டர் இடைவெளி போதும், 25 மில்லிமீட்டர் டயர் உள்ளே இறங்கி ஆளைக் குப்புறத் தள்ள. பாட்டன் காலத்துத் தடித்த டயர் சைக்கிள் தப்பிக்கும், பேரனின் மெல்லிய டயர் மாட்டும். பல இடங்களில் கிராதியைக் கழற்றித் திருப்பி வைத்தாலே தீர்ந்துபோகும். அதற்கும் ஒரு கூட்டம், ஒரு தேநீர், ஒரு குறிப்பு.

கடைவீதிக்கு வாருங்கள், காக்கி லீமா. 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோதே கடை முன்னால் கூரையோடு தொடர்ச்சியான நடைவழி வேண்டும் என்று எழுதிவைத்தாயிற்று. 200 வருஷம் கழித்து நம்மிடம் இருப்பது என்ன? ஒரு கடையில் கேஸ் தோம்பு, அடுத்த கடையில் நாற்காலி மேசை, அதற்கடுத்து நான்கு மோட்டார். அதைவிடக் கொடுமை தரைமட்டம். ஒவ்வொரு கடைக்காரரும் தன் இஷ்டத்துக்கு டைல்ஸ் போட்டுக்கொண்டதால் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் அரையடிப் படி. சக்கர நாற்காலியில் இருப்பவர் சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும். 150 மில்லிமீட்டர் உயரத்தை 1க்கு 12 என்ற சரிவில் ஏற்ற 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். இங்கே ஒன்றரை அடியில் சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டு "ஓ.கே.யு. வசதி", அதாவது மாற்றுத்திறனாளி வசதி, என்று நீலச் சாயமும் அடிக்கிறார்கள். அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது 133ஆம் சட்டம், நடைவழியை அடைப்பதைக் குற்றம் என்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, மேசை நாற்காலி காக்கி லீமாவில் இருக்கிறது.

இப்போது பொங்கோல். வேகத்தடை என்றாலே எரிச்சல்படும் கார்க்காரர்களோடு இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கும் பாதி உடன்பாடுதான், ஏனென்றால் இங்கே போடுவது பெரும்பாலும் வேகத்தடையே இல்லை. மிச்சத் தாரை ஒரு முழ அகலத்துக்குக் குவித்து 5 அங்குலம் உயர்த்திய மேடு. நான்கு சக்கர டிரைவ் சட்டைகூடப் பண்ணாமல் தாண்டிப் போய்விடும். தூக்கியெறியப்படுவது கப்சாய் என்ற சின்ன மோட்டாரில் போகிறவரும் சைக்கிள்காரரும்தான். முறையான மேடு ஏறக்குறைய 3.7 மீட்டர் நீளம், 75 முதல் 100 மில்லிமீட்டர் உயரம், வயிறு மாதிரி மெல்ல எழும்பி மெல்ல இறங்க வேண்டும். மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது, வேகமாகப் போனால் முதுகெலும்பு பேசும். அப்புறம் அந்த இடைவெளி! தண்ணீர் ஓட வேண்டுமென்று இரண்டு பக்கமும் ஒன்றரை அடி விட்டுவைக்கிறார்கள். அத்தனை மோட்டாரும் அந்தச் சந்தில்தான் நுழையும். நடப்பவர் நிற்கும் இடமும் அதுவே. அடியில் குழாய் பதித்து மேட்டை விளிம்புவரை கொண்டுபோக வேண்டும். பள்ளி வாசல் என்றால் இன்னும் ஒரு படி மேலே போய், மேட்டின் உச்சியை 3 மீட்டர் தட்டையாக்கி, சாலையைக் கடக்கும் வரிக்கோடுகளையே அதன் மேல் போடுங்கள். பிள்ளை இறங்காமல் கடக்கும், கார் ஏறித்தான் போகும். வெறும் தரையில் வெள்ளைச் சாயம் அடித்து, மறுமுனை நேராக இரும்புத் தடுப்பில் போய் முட்டுகிற வரிக்கோடுகளை யார் வரைகிறார்கள் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

வேகக் கணக்கு தெரியாமல் இதையெல்லாம் பேசக் கூடாது. கூட்டரசு சாலையிலும் மாநிலச் சாலையிலும் பொதுவான உச்ச வேகம் 90, பட்டணத்துக்குள் 60. மணிக்கு 90 என்றால் விநாடிக்கு 25 மீட்டர். பார்த்து, புத்தியில் ஏறி, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி, 25 மீட்டர் போயாச்சு. காய்ந்த சாலையில் நல்ல பிரேக்கோடு நிற்க இன்னும் 45. ஆக மொத்தம் 70 மீட்டர். 60இல் ஏறக்குறைய 37, 30இல் 13. இது மழை இல்லாதபோது, உதிரிப் பழம் நசுங்கித் தாரில் எண்ணெய் பூசாதபோது. வலை போடாமல் குலை ஏற்றிப் போகும் லோரிகள் வளைவுக்கு வளைவு பழம் கொட்டிக்கொண்டு போகின்றன. மோட்டாரும் சைக்கிளும் வழுக்குவது அங்கேதான். லோரி இடப்பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். சந்திப்பில் லோரியின் இடுப்புக்கு இடப்பக்கம் நிற்கவே கூடாது, ஓட்டுநர் கண்ணாடியில் நீங்கள் தெரியமாட்டீர்கள். ஓரமாப் போன பிள்ளைகள் நிற்பது சரியாக அந்த இடத்தில்தான் என்பதையும் யோசியுங்கள்.

இருட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அன்றிலிருந்து இங்கே சூரியன் காலை 7 மணிக்குத்தான் எட்டிப் பார்க்கிறது, பிப்ரவரி வாக்கில் 7:20ஐயும் தாண்டுகிறது. தமிழ்ப்பள்ளிக்கு ஏழரைக்குள் போக வேண்டிய பிள்ளை ஆறே முக்காலுக்கே கும்மிருட்டில் நடக்கிறது. தெருவிளக்கு கடைவீதியோடு நின்றுவிடுகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் பாதையில் விளக்கு கிடையாது.

அந்தப் பாதையே கிடையாது என்பதுதான் பல ஊர்களில் நிலைமை. தோட்டம் கைமாறி, துண்டாகி, ஒரு பகுதி தாமானாக, அதாவது புது வீடமைப்புப் பகுதியாக, மாறும்போது முதல் வேலையாகச் சுற்றுச்சுவர் எழுப்புகிறார்கள். லயத்திலிருந்து கோயிலுக்கும் பள்ளிக்கும் மூன்று தலைமுறை நடந்த 400 மீட்டர் ஒற்றையடிப் பாதை அந்தச் சுவரோடு செத்துப்போகிறது. இனி பெருஞ்சாலையைச் சுற்றி 2 கிலோமீட்டர். பிள்ளைகளைச் சாலைக்குத் துரத்தியது அந்தச் சுவர்தான். அதில் ஒரே ஒரு திட்டிவாசல் வைத்தால் போதும். வாசலில் மோட்டார் நுழையாமல் கம்பம் நடுவார்கள், அங்கேயும் ஒரு சிக்கல். சக்கர நாற்காலிக்கு 90 சென்டிமீட்டர் வேண்டும், கப்சாயின் ஹேண்டல் அகலம் 70 தான். நாற்காலி நுழைந்தால் மோட்டாரும் நுழையும். வளைந்த கம்பி வேலி வைத்தால் மோட்டாரோடு சேர்த்து நாற்காலியும் தள்ளுவண்டியும் நிற்கும். எங்கள் தீர்ப்பு: 90 சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள், மெதுவாகப் போகும் இரண்டு மோட்டாரைச் சகித்துக்கொள்ளலாம். இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அவர்களும் பயந்துதான் நடைவழியில் ஏறுகிறார்கள்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பாதிப் பேருக்கு ஆயுள் போகிறது. பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆர். நகராண்மைக் கழகத்தைக் கைகாட்டும், நகராண்மை தோட்ட நிர்வாகத்தைக் கைகாட்டும், தோட்டத்து மானேஜர் தலைமையகத்தைக் கைகாட்டுவார். எனவே முதலில் சாலைப் பலகையைப் படியுங்கள். வெறும் எண் என்றால் கூட்டரசு சாலை. முன்னால் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: பேராவுக்கு ஏ, சிலாங்கூருக்கு பி, ஜொகூருக்கு ஜே, கெடாவுக்கு கே, நெகிரி செம்பிலானுக்கு என். ஊருக்குள் எண்ணே இல்லாத சாலை பெரும்பாலும் நகராண்மையுடையது. தோட்டத்து உள்சாலை தனியார் சொத்து, நிர்வாகம் எழுத்து மூலம் ஒப்படைக்காமல் அரசு பணம் அங்கே இறங்காது. மாரிஸ் என்ற அரசாங்கச் சாலைப் பதிவில் ஏறாத சாலைக்குப் பராமரிப்பு மானியமும் கணக்காகாது. "பதிவில் இருக்கிறதா?" என்பதையே முதல் கேள்வியாக வையுங்கள், அதைக் கேட்டதும் பல அதிகாரிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

"சாலை ஆபத்தாக இருக்கிறது" என்று எழுதினால் அது குப்பைக்குப் போகும். "இந்த எண் சாலை, இந்தக் கிலோமீட்டர் கல், இந்த விளக்குக் கம்பத்திலிருந்து 12 மீட்டர், 60 சென்டிமீட்டர் அகலக் கான்கிரீட் மூடி 3 இல்லை" என்று மலாயில் எழுதுங்கள். அளவுநாடா தெரியும்படி படம், ஒன்று பகலில், ஒன்று காலை ஆறே முக்காலுக்கு. மூன்று அலுவலகத்துக்கும் ஒரே கடிதத்தில் நகல் போகட்டும். ஒருவரை ஒருவர் கைகாட்ட முடியாமல் போவது அப்போதுதான். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

இத்தனையும் செய்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? சில நேரம் மூடி. பல நேரம் ஒரு நிகழ்ச்சி. கூடாரம், வை.பி. என்று அழைக்கப்படும் மக்கள் பிரதிநிதி, பதாகை, பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிள் ஹெல்மெட், படம், நாசி லெமாக். யாராவது எழுந்து சைக்கிள் தடம் கேட்டால் உடனே "பாசிக்கால் லாஜாக்", அதாவது பிரேக் இல்லாமல் மாற்றியமைத்துப் பறக்கும் சைக்கிள், என்று வாயை அடைப்பார்கள். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் அப்படிப்பட்ட சைக்கிளில் போன 8 பதின்ம வயதினர் செத்துப்போன அந்தக் கொடுமையை, பிரேக்கும் மணியும் வைத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தலையில் கட்டுவது என்ன நியாயம்? மோட்டாருக்கென்று தனித் தடம் 1970களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் போட்ட நாடு இது. செய்யத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஹெல்மெட்டைக் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கொடுத்துவிட்டுக் கூடாரத்தைப் பிரிக்கும்போது, பள்ளி வாசலிலிருந்து எட்டாவது மூடி இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுக் காரில் ஏறுங்கள்.