கல் இல்லாத வட்டங்கள்

பெரிய கற்களை வட்டமாக நட்டு வைத்த ஸ்டோன்ஹெஞ்ச் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறது. அதே இங்கிலாந்தில், யார்க்ஷயரில், ரிப்பன் ஊருக்கு வடக்கே தார்ன்பரோ என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே வயல்களுக்கு நடுவே மண்ணைக் கரையாகக் குவித்த மூன்று வட்டங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 240 மீட்டர் குறுக்களவு, வயது 4500 ஆண்டுகளுக்குக் குறையாது. நிமிர்ந்து நிற்கும் கல் ஒன்றுகூட இல்லை. செல்ஃபிக்கு லாயக்கில்லாத இடம், சரிதான்.

கோட்டை என்றால் அகழி மதிலுக்கு வெளியேதான் இருக்கும். இங்கே கரைக்கு உள்பக்கமும் ஓர் அகழி! எதிரியைத் தடுக்க யாரும் அப்படி வெட்ட மாட்டார்கள். ஊர் கூடிச் சடங்கு செய்யக் கட்டியது என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு. கரைமேல் ஜிப்சம் என்ற வெள்ளைக் கனிமம் பூசியிருந்த தடயமும் கிடைத்திருக்கிறது. பச்சை வெளியில் வெள்ளை வெளேரென்று மூன்று வட்டங்கள், நினைத்துப் பாருங்கள்.

இவையெல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். ஆனால் சட்டம் கோடு போட்டது வட்டத்தைச் சுற்றி மட்டும். கோட்டுக்கு வெளியே சரளைக் குவாரி தோண்டிக்கொண்டே வந்தது. 2000-களில் உள்ளூர்க்காரர்கள் எழுந்து போராடிய பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. வட்டத்துக்கு வந்தவர்கள் தங்கி, சமைத்து, கல்லாயுதம் செதுக்கியது அந்தச் சுற்றுவட்டார நிலத்தில்தானே? கோயிலை விட்டுவிட்டு ஊரைத் தோண்டி எடுப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குவாரி தோண்டும் முன் நடந்த அகழாய்வால்தான் பல தகவல்கள் கிடைத்தன என்பார்கள். உண்மைதான். பக்கத்து நாஸ்டர்ஃபீல்டில் குவாரிப் பள்ளங்களில் நீர் தேங்கி இன்று பறவைகள் காப்பிடமாகிவிட்டது, அதுவும் நல்லதே. ஆனாலும் தோண்டிய நிலம் திரும்பாது.

2023-இல் நடு வட்டமும் தென் வட்டமும் அரசின் தொல்லியல் அமைப்பிடம் வந்தன. மறு வருடம் வடக்கு வட்டத்தையும் அந்த அமைப்பே வாங்கியது. மூன்றில் அதிகம் சிதையாமல் இருப்பது அதுதான். அதன்மேல் மரம் வளர்ந்து தோப்பாகிவிட்டதால் ஏர் உள்ளே போகவில்லை. தெற்கு வட்டம் உழுது உழுதே தேய்ந்துவிட்டது.

அந்தப் பக்கம் இருக்கும் நண்பர்கள் ஒரு நடை போய்ப் பாருங்கள், டிக்கெட் கிடையாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது போங்கள். உச்சி வெயிலில் கரை எது, அகழி எது என்றே பிடிபடாது.